பாட்டிலில் பிடித்த மழை... பனியில் கிடைத்த விடை!

1952 ஜூன். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் மழை. 29 வயது இயற்பியலாளர் வில்லி டான்ஸ்கார்ட், காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகி வீட்டுத் தோட்டத்தில் வைத்தார்.

பிடித்த தண்ணீரைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்தார். ஆக்சிஜனில் எடை கூடிய ரகம் ஒன்று உண்டு, பெயர் ஆக்சிஜன்-18. மேகம் எவ்வளவு குளிரோ, அந்த மழையில் அது அவ்வளவு குறைவு! அப்படியென்றால், பழைய மழை கிடைத்தால் பழைய வெப்பநிலையும் தெரிந்துவிடுமே?

பழைய மழைக்கு எங்கே போவது? கிரீன்லாந்துக்கு! அங்கே ஆண்டுதோறும் பெய்த பனி, உருகாமல் அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது.

வாய்ப்புக்காக 10 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 1966-ல் 'கேம்ப் செஞ்சுரி' ராணுவ முகாமில் அமெரிக்கர்கள் சுமார் 1,390 மீட்டர் துளையிட்டு, அடிவரை பனியை வெட்டியெடுத்தார்கள். அதைக் கேட்டு வாங்கிச் சோதித்த டான்ஸ்கார்ட் குழு, 1969-ல் சுமார் 1 லட்சம் ஆண்டுகளின் வெப்பநிலை வரலாற்றை வெளியிட்டது.

சுவிஸ் இயற்பியலாளர் ஹான்ஸ் ஓஷ்கருடன் சேர்ந்து அவர் கண்டது இன்னும் பெரிய அதிர்ச்சி. பனியுகத்தில் கிரீன்லாந்தின் வெப்பம் சில பத்தாண்டுகளுக்குள் தடாலென ஏறியிருக்கிறது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே!

பருவநிலை மெதுவாகத்தான் மாறும் என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக அடுத்த தலைமுறையை உருவாக்கிய டான்ஸ்கார்ட், 2011-ல் மறைந்தார்.