படநூலில் காணாமற்போன கருமுகம்

எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்று நான்கு அகவைப் பிள்ளைக்குப் படமே நூல். பக்கத்தைத் திருப்புங்கால் அது முதலில் தேடுவது முகத்தை. அம்முகம் தன் முகம்போல் உள்ளதா, தன் தாயின் முகம்போல் உள்ளதா என்று எவரும் சொல்லிக்கொடாமலே ஒப்பிட்டுப் பார்க்கும். தமிழில் வரும் படநூல்கள் பலவற்றில் அதற்குக் கிடைப்பவை வெளுத்த கன்னமும் செம்பட்டை மயிருமே. கீழே அச்சிட்டிருப்பது தமிழ். மேலே வரைந்திருப்பது யாருடைய பிள்ளை?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கணியம்பாடியை எடுத்துக்கொள்க. அங்கிருந்து அமிர்திக் காட்டை நோக்கித் திரும்பினால் சவ்வாது மலை எதிரே எழுந்து நிற்கும். கீழே நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும், மேலே சாமை. அம்மலைத் தமிழர்க்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்வோர் என்பது அதன் பொருள். கேரளத்தார்க்கும் இவர்க்கும் பெயரொப்புமை அன்றி வேறு தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மலையிறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளை தன் குடிப்பெயரைச் சொன்னால் 'நீ கேரளமா?' என்னும் வினா வரும். நிறத்தைக் கண்டால் 'கருவாயா' என்னும் ஏளனம் வரும். ஐந்தகவையில் தன் பெயருக்கும் தன் தோலுக்கும் ஒருசேர விடைசொல்ல வேண்டிய பிள்ளை அது. அப்பிள்ளையை அப்பிள்ளையாகவே காட்டும் படநூல் எங்கே?

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளிற் சிறு நூல்கள் வெளிவந்தன. படிநிலைப் பெயர்களைக் கேட்கவே இனிக்கின்றது. ('வாசிப்பு' என்றதனைப் 'படிப்பு' என்றிருப்பின் இன்னும் இனித்திருக்கும்.) அரசுப் பள்ளிப் பிள்ளைக்கெனத் தனியே நூல் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. ஆகவே, வழியில்லை என்று எவரும் இனிச் சொல்லற்க.

கருமையை இழிவென்று தமிழன் எவரிடம் கற்றான்? தொல்காப்பியம் முல்லை நிலத்துக்கு உரியவனாகச் சொல்வது மாயோனை. கரியவன் என்பதே அப்பெயர்ப் பொருள். கழக இலக்கியத் தலைவியின் அழகு மாமை. அவள் பிரிவால் உறும் நோய் பசலை, அதாவது வெளிறுதல். வெளுப்பை நோயென்று பாடிய மொழியில் இன்று வெளுத்தவளைச் 'சிவப்பு' என்று போற்றுகின்றனர். கரிய பெண்மகவுக்கு வெண்மை எனப் பொருள்படும் வடசொல்லால் சுவேதா என்று பெயரிட்டு மகிழ்கின்றனர். 1975-இல் சந்தைக்கு வந்த வெளுப்புக் களிம்பு, தன் பெயரிலிருந்த 'பேர்' என்னும் சொல்லை நீக்கியது 2020-இல்தான். நாற்பத்தைந்து ஆண்டு! அவ் வாண்டிலேயே மேற்கு வங்காளத்துப் பர்த்துவானில் மழலையர் எழுத்துநூல் ஒன்று 'அழகற்றவன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கரிய மாந்தன் படத்தை இட்டிருந்தது தெரியவந்து, ஆசிரியர் இருவர் பணியிடை நீக்கப்பட்டனர். அச்சொல்லை மட்டும் படித்துப் பார்த்தால் குற்றம் தோன்றாது. குற்றம் படத்தில் இருந்தது.

இந்நோய் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1940-களில் கிளார்க்கு இணையர், மூன்று முதல் ஏழு அகவைக் கருப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கருப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்லது என்று வினவினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத் தொட்டனர். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று அந்நாட்டு உச்சநயமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் இவ் வாய்வும் எடுத்துக்காட்டப்பட்டது. 1962 முதல் 1964 வரை அங்கு வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை நான்சி இலாரிக்கு ஆராய்ந்து 1965-இல் எழுதினார்: கருப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை நூற்றுக்கு 6.7 மட்டுமே.

அந் நூல்களுள் ஒன்று எசுரா சாக்கு கீட்சு 1962-இல் எழுதி வரைந்த பனிநாட் கதை. செவ்வுடை அணிந்த கரிய சிறுவன் ஒருவன் பனியில் விளையாடுகின்றான், அவ்வளவே. அவன் கருப்பன் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. எல்லாவற்றையும் படமே சொல்லியது. கீட்சு வெள்ளையர். ஒரு கரிய சிறுவனின் நிழற்படங்களை 1940-இல் ஓர் இதழிலிருந்து நறுக்கிச் சுவரில் ஒட்டி, இருபதாண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தவர். பார்த்துப் பழகாத கை வரையாது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் படநூலுக்குரிய தலையாய பரிசு அதற்குக் கிடைத்தது.

இங்குள்ள ஓவியர்க்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. பன்மொழிப் படநூல்களில் நான்கு வண்ண அச்சிற் படத்தை எல்லா மொழிக்கும் ஒருமுறையே அடித்துவிட்டு, எழுத்துக்குரிய கருப்புத் தகட்டை மட்டும் மொழிதோறும் மாற்றுவது வழக்கம். செலவு குறையும், ஆயின் எந்நாட்டுக்கும் பொருந்தும் முகமாக வரைய நேரும். எந்நாட்டுக்கும் பொருந்தும் முகம் கணியம்பாடிக்குப் பொருந்தாது. மேலும், மலிவுத் தாளிற் கருப்பு மையைக் கூட்டித் தோலை வரைந்தால் சேறுபோல் மங்கும். கண் மூக்குக் கோடுகள் தோன்றா. அதற்கஞ்சித் தோலை வெளுப்பாக்கிவிடுகின்றனர். மஞ்சளையும் செந்நீலத்தையும் மிகுத்து, நீலத்தைச் சிறிதே கலந்தால் உயிருள்ள கருமை வரும். கோட்டினைத் தோலினும் வெளிறிய வண்ணத்தால் இழுத்தால் முகம் தெளியும். இது திறமையின்மையால் நேர்வதன்று. முயலாமையால் நேர்வது.

தனித்தமிழ் அன்பர்க்கும் இதிற் பங்குண்டு. ஒரு நூலில் அயற்சொல் ஒன்று புகுந்தால் மடல்மேல் மடல் எழுதும் நாம், அந் நூலின் அட்டையில் நீலக்கண் பிள்ளை சிரிப்பதைக் கண்டும் காணாதிருந்தோம். படமும் மொழியே அன்றோ? அயற்படம் அயற்சொல்லினும் விரைவாகப் பிள்ளையின் நெஞ்சிற் புகும்.

மற்றொன்று. 'கருப்பும் அழகே' என்று பக்கந்தோறும் அறிவுரை கூறும் நூல் வேண்டா. கருப்பாயிருந்தாலும் நீ அழகு என்னும் அவ் 'இருந்தாலும்' பிள்ளையைக் குத்தும். கரிய மலைமகள் புளியமரம் ஏறட்டும். சாமைக் கதிர் கொய்யட்டும். தம்பியோடு சண்டையிட்டு அழட்டும். தன் நிறத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. எண்ணெய் வழியும் தலையும், முழங்கால் தழும்பும், சிரிக்கையில் பளிச்சிடும் பல்லும் ஓவியர் கண்ணிற் பட்டால் போதும். அதற்கு அவர் வேலூர் கடந்து கணியம்பாடிக்கும் மலைமேலும் சென்று சில நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதிப்பாளர் அதற்குச் செலவு தரல் வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் வரைந்து பார்த்துத் திருத்திய பின்னரே படம் அச்சேறுதல் வேண்டும்.

அதுவரை ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடையில் விற்கும் மெழுகு வண்ணக்கோற் பெட்டியில் வெளிறிய இளஞ்செம்மைக் கோலைத் 'தோல் நிறம்' என்று பிள்ளைகள் வழங்குகின்றனர். அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் கோலுக்கு இட்டிருந்த 'தசை நிறம்' என்னும் பெயரை 1962-இலேயே நீக்கிவிட்டது. 2020-இல் மாந்தத் தோல் வண்ணங்கள் இருபத்துநான்கினைத் தனிப்பெட்டியாகவும் விற்றது. இங்குள்ள ஆசிரியர், 'உன்னை வரை' என்று பிள்ளையிடம் தாளைக் கொடுத்துவிட்டு, கை எந்தக் கோலை எடுக்கின்றது என்று பார்க்கட்டும். இளஞ்செம்மையை எடுத்தால் கடிய வேண்டா. அப்பிள்ளையின் கையருகே பழுப்புக் கோலை வைத்து, 'இது யாருடைய நிறம்?' என்று கேட்கட்டும்.