குணமானவை எலிகள்

மலத்தில் இரத்தம் கண்டால் “உப்பளத்துச் சூடு” என்று மரக்காணம் பக்கத்தில் தள்ளிவிடுவதுண்டு. அது பெருங்குடல் அழற்சியாகவும் இருக்கலாம். மின்சார அக்குபங்சர் அதைத் தீர்க்குமா என்று நம்மை வினவுகின்றனர்.

குணமானவை ஆய்வுக்கூட எலிகளே. குடிநீரில் வேதிப்பொருள் கலந்து அவற்றின் குடலைப் புண்ணாக்கி, முழங்காலுக்குக் கீழே ஊசி செருகி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சுகின்றனர். வேகஸ் நரம்பின் வழியே அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி தணிவதை, நச்சேற்றிய சுண்டெலிகளில் ஹார்வர்டு ஆய்வாளர் 2021-இல் விளக்கினர். வியப்புத்தான்! ஆயினும், வேதிப்பொருளை நிறுத்தினாலே எலியின் புண் ஆறத் தொடங்கும். மனிதர்க்கோ இந்நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கி அடங்கி எழும். ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்தற்க. இரத்தம் கண்டவர் புதுவை ஜிப்மரின் குடல்நோய்ப் பிரிவை நாடுவாராக.