காற்றைக் குறை சொல்லாதீங்க!

ஆற்று மணல்திட்டு, மலைமுகடு மாதிரி இடங்களில் இருந்து கிளம்புற குட்டி விமானம் விழுந்தால் போதும், "காற்று சரியில்லை, விதி" என்று ஆரம்பித்துவிடுகிறோம். காற்று மறுத்துப் பேசாது பாருங்க!

2023 செப்டம்பரில் அலாஸ்காவில், வேட்டையாடிய மூஸ் மான் இறைச்சியோடு மலைமுகட்டில் இருந்து கிளம்பிய பைப்பர் சூப்பர் கப் விழுந்தது. ஓட்டியவர் இறந்தார்; அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த மேரி பெல்டோலாவின் கணவர். அனுமதித்ததைவிட சுமார் 53 கிலோ அதிகம் என்றது விசாரணை. போதாததற்கு வலது இறக்கையின் தாங்குகம்பியில் மான் கொம்பு, முறையான அனுமதி இல்லாமல். கொந்தளிப்பான காற்றும் இருந்தது. ஆனால் பாரத்தை ஏற்றியது காற்றா?

பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கணக்கைப் பாருங்க. எடை 10% கூடினால் கிளம்பத் தேவையான தூரம் 20% கூடும். காய்ந்த புல்தரை என்றால் இன்னொரு 20%. தரை இளகியிருந்தால் 25%, அல்லது அதற்கும் மேல். இதையெல்லாம் கூட்டக்கூடாது, பெருக்கணும்! 300 மீட்டர் போதும் என்ற இடத்தில் 540 வேணும்.

இரண்டு நடையாகக் கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும்? அங்கே தராசு இல்லை, தடுக்க அதிகாரி இல்லை. விமானி சொல்கிற "முடியாது" மட்டும்தான் சட்டம். அதைச் சொல்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் பண்ணாதீங்க மக்களே.