வீடு அங்கே, கழிவு இங்கே!

கம்பைநல்லூரை அடுத்த இருமத்தூரில் ஓடுகிறது தென்பெண்ணை. நந்திமலையில் பிறந்த ஆறு என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் வழிந்து கலப்பதும் இந்த ஆற்றிலேதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சாக்கடை சேரும் ஏரிகள் அவை. பெல்லந்தூர் ஏரி 2015இல் எரிந்தது, 2017இல் எரிந்தது, 2018இலும் எரிந்தது. தண்ணீரிலே தீ! அந்த வழியே வரும் நீர்தான் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாய் நுரைத்து நிற்கக் கண்டோம். அங்கிருந்து கிருஷ்ணகிரி, அதற்கும் கீழே நம் தருமபுரி மாவட்டம்.

இந்தக் குடியிருப்புகளைக் கட்டக் கேள்விமுறை இல்லையா? இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கட்டடத்தின் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்றது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், மழைநீர் எப்படி வடியும் என்று கணக்குக் காட்டவேண்டும்.

நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம், உள்ளே இருக்கும் ஓட்டைகளைப் பாராதிருந்தால்!

முதல் ஓட்டை: சுரங்கத்துக்கும் பெரிய ஆலைக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லும் அதே அறிவிக்கை, கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஆயிரம் வீடு எழும்பலாம். ஓர் ஊராரையும் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை!

இரண்டாவது: விளைநிலத்தை மனைப்பிரிவாக அறுத்து விற்போருக்கு வரம்பு 50 ஹெக்டேர். 49 ஹெக்டேரோடு நிறுத்திக்கொண்டால், அதாவது ஏறத்தாழ 121 ஏக்கரோடு நிறுத்திக்கொண்டால், பரப்பளவைக் காட்டி இந்த ஆய்வு அவர்களைத் தொடாது.

மூன்றாவது: ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே கணக்குக் காட்டுகிறது. ஆறோ எல்லாக் கட்டடங்களையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்தக் கூட்டுத்தொகையைப் போடுவது யார்?

நீதிமன்றம் உண்டே என்று சிலர் ஆறுதல் கூறலாம். பெங்களூர் ஏரிகளின் கரையிலிருந்து 75 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று 2016 மே 4 அன்று பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2019 மார்ச் 5 அன்று உச்சநீதிமன்றம் அந்த வரம்பை நீக்கியது. கட்டியபின் அனுமதி தரும் வழக்கத்துக்கு 2025 மே 16 அன்று உச்சநீதிமன்றம் தடை போட்டது. அவ்வாண்டு நவம்பர் 18 அன்று அதே நீதிமன்றம், மூவரில் இருவர் தீர்ப்பால், அதைத் திரும்பப் பெற்றது. ஏரி எத்தனை தீர்ப்புக்குத்தான் காத்திருக்கும்?

அடுத்த மாநிலத்தை மட்டும் குறை கூறித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அந்தப் பகுதியில் ஒரு பெரிய குடியிருப்புக்கு அனுமதியும் கிடைத்தது. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவேண்டி வந்தது.

வீடு வேண்டாம் என்பதல்ல நமது வாதம். ஒழுகும் கூரையின்கீழ் வாழும் உழைப்பாளிக்கு வீட்டின் அருமை தெரியும். பெங்களூரின் மாடிகளுக்குக் கல்லும் மண்ணும் சுமக்கப் போனவர்களில் தருமபுரி மாவட்டத்தார் எத்தனை பேர்! மாடியை ஏற்றியவனும் நம்மவன். அதன் கழிவு வந்து சேரும் ஆற்றங்கரையில் பயிர் செய்பவனும் நம்மவன். ஆற்றை விட்டுக் கிணற்றுக்குப் போகலாமென்றால், அங்கே ஃபுளோரைடு! அதனால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வேண்டியிருந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நல்ல குடிநீருக்காக இவ்வளவு பாடுபட்ட மாவட்டத்துக்கு, மேலே கட்டப்படும் வீட்டைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கும் உரிமை இல்லையா?

மொழியும் ஒரு வேலிதான். 2020இல் இந்த அறிவிக்கையை மாற்ற வரைவு வந்தபோது, எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடுங்கள் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. படிக்க முடியாத தாளுக்கு மறுப்பு எழுதுவது எப்படி?

ஆகவே நாம் கேட்பது மூன்று. குடியிருப்புத் திட்டங்களுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களும் அதில் பேசவேண்டும். அறிக்கை மக்கள் மொழியில் வேண்டும். ஒரே ஆற்றில் கழிவு விடும் திட்டங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். அனுமதி பெற்றவர் அதை உள்ளூர் மொழி நாளேட்டில் விளம்பரப்படுத்தக் கடமைப்பட்டவர். நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை தரவேண்டியவர். அந்த அறிக்கை பொது ஆவணம். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். கிளைதோறும் ஒரு தோழர் இந்த விளம்பரங்களைக் கவனித்து, நாளைக் குறித்து வைக்கட்டும். பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தீர்மானம் போடட்டும். ஆற்றங்கரையில் இருப்பவன் கேட்காத கேள்வியை, பெங்களூரில் அனுமதி கொடுப்பவன் தானாகவா கேட்டுவிடப் போகிறான்?