ஆங்கில விசையும் தமிழ் எழுத்தும்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவருட் பலர், கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுத வேண்டின், முதலில் அதனை மனத்துள் ஆங்கில எழுத்துகளாகப் பெயர்த்துக்கொள்கின்றனர். பெயர்த்ததைக் கணினி மீளத் தமிழாக்கித் தருகின்றது. இவ்விசித்திரம் எவருக்கும் விசித்திரமாகத் தோன்றாமை வருந்தத்தக்கது.

'இது இலகுவானது, புதிதாக எதனையும் கற்கவேண்டியதில்லை' என்பது இவர்தம் வாதம். வலி, வளி, வழி ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆங்கிலக் கோவையைத் தட்டி, கணினி நீட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்குபவர், லகர ளகர ழகர வேறுபாட்டை அறியும் பொறுப்பைக் கணினியின் தலையிற் சுமத்திவிடுகின்றார். பட்டியலின் முதற்சொல் பிழையாயினும் அதுவே ஒப்படையில் ஏறிவிடுகின்றது. கையால் எழுதிய காலத்துப் பிழைகளுக்கு எழுதியவராவது உரிமையாளராக இருந்தார்!

தமிழுக்கென விசைப்பலகை இல்லையென்று கூறவும் இடமில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா, 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தவர். குறியைப் பதித்தும் தாளை நகர்த்தாத 'நகரா விசை' அவர் கையாண்ட உபாயமாகும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 உருவாயிற்று. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. தொல்காப்பியம் பயில்வோர்க்கு இப்பகுப்பு அந்நியமானதன்று. ஒரே மெய்யை இருமுறை தட்டின் முதலாவதன்மேற் புள்ளி தானே விழும். ஆதலின் 'அம்மா' என்பதற்கு நான்கு தட்டுகள் போதும்; ஆங்கில வழியில் எழுத்துக்கு எழுத்து எழுதின் ஐந்து. பின் எது இலகு?

இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தில் இடம்பெற்றது. நியமம் ஏட்டில் இருக்க, மேசைமீதிருக்கும் விசைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலம் மட்டுமே பொறித்தவை. தமிழெழுத்து ஒட்டிகளை வாங்கி ஒட்டினாலும் அவை நாளடைவில் ஓரம் சுருண்டு, தூசு படிந்து, உரிந்துபோகின்றன. விசையைப் பாராது தட்டப் பழகியவருக்கு ஒட்டியே வேண்டியதில்லை. ரெங்கநாதனா, தமிழ் 99ஆ என்ற சர்ச்சை பிறகு நடக்கட்டும். இரண்டில் எதுவாயினும், கணினியின் மொழி அமைப்பில் அதனைச் சேர்த்துக்கொள்வது சில நிமிட வேலை. விரல்கள் பழகுவதற்குத்தான் சில வாரங்கள் வேண்டும்.

அவ்வாரங்களைப் பல்கலைக்கழகம் ஒதுக்கித் தரட்டும். முதலாம் வருடக் கணினிப் பயிற்சியிற் தமிழ் விசைப்பலகைக்கும் இடமளித்து, ஒப்படைகள் அதனாலேயே எழுதப்படுதல் வேண்டுமெனத் தமிழ்த்துறை விதிக்கட்டும்.