மௌனம் சம்மதமா?

அமெரிக்காவில் டெலிபோன் வைத்திருப்போரின் பெயரையும் நம்பரையும் கம்பெனியார் புஸ்தகமாக அச்சிட்டுக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. தம் நம்பர் அதில் வரக்கூடாது என்று கருதினவர்கள் மாதாமாதம் தனிக் கட்டணம் செலுத்தி மறைத்து வைத்துக் கொண்டார்கள். 1990களில் கலிபோர்னியா மாகாணத்து வீட்டு டெலிபோன்காரர்களில் சுமார் பாதிப்பேர் இப்படி மறைத்திருந்தார்களென்றால், இதைச் சில பணக்காரர்களின் வீண் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது.

நிற்க, 1980களின் பிற்பகுதியில் அதே கம்பெனியார் மற்றொரு சரக்கை விற்க வந்தார்கள். மணி அடித்ததும் கூப்பிடுகிறவரின் நம்பர் எடுக்கிறவர் வீட்டுப் பெட்டியில் தெரியும்; அதற்கும் மாதக் கட்டணம். அதாவது, மறைப்பதற்கு ஒருவரிடம் கூலி. மறைத்ததைக் காட்டிக் கொடுப்பதற்கு மற்றொருவரிடம் கூலி! மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கும் தரகன்கூட இவ்வளவு துணிய மாட்டான்.

கதவைத் தட்டுகிறவன் யாரென்று கேட்க வீட்டுக்காரனுக்கு உரிமையில்லையா என்கிறார்கள். உண்டு. நடுராத்திரியில் கூப்பிட்டு ஆபாசம் பேசும் காலிகளால் அவதிப்பட்ட பெண்களுக்கு இதனால் நன்மை உண்டென்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பியோடி ஒளிந்து வாழும் ஒரு பெண், பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டிக் கூப்பிட்டால், அவளிருக்குமிடத்து நம்பர் அவன் கண்ணில் பட வேண்டுமா? நம்பரைக் கொண்டு விலாசம் கண்டுபிடிப்பது அவ்வூரில் பிரமாத வித்தையல்லவே! பென்ஸில்வேனியா மாகாணத்து உயர்ந்த கோர்ட், 1992ல், இம்முறை ஒட்டுக்கேட்பைத் தடுக்கும் சட்டத்திற்கு விரோதம் என்றே தீர்ப்புச் சொல்லிற்று.

பிறகு, பெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் தேசம் முழுமைக்கும் ஒரு விதி செய்தது. *67 என்று அழுத்திவிட்டுக் கூப்பிட்டால் அந்த ஒரு தடவைக்கு நம்பர் தெரியாது. அதற்குக் காசு இல்லை. இதுவரை சரிதான். ஒன்றுமே சொல்லாதிருப்பவர்களை என்ன செய்வது என்பதில்தான் சண்டை வந்தது. நம்பரை மறைத்திருப்பவர் வாய் திறக்காவிட்டால், எல்லாக் கூப்பிடுதலிலும் மறைத்தே வைக்க வேண்டும் என்றது கலிபோர்னியா. கூடாது, வாய் திறக்காதவரின் நம்பர் தெரியட்டும் என்றது மத்திய கமிஷன். வழக்குப் போய், 1996ல் ஒன்பதாவது சர்க்கியூட் அப்பீல் கோர்ட் கமிஷன் பக்கமே முடிவு செய்தது. வேண்டாதவர்கள் கேட்டு மறைத்துக்கொள்ளலாமே, விளம்பரமும் செய்யச் சொல்லியிருக்கிறோமே என்பது சமாதானம்.

இது என்ன நியாயம் என்று கேட்கிறோம். மாதாமாதம் பணம் கட்டுகிறவன் "என் நம்பரைக் காட்டாதே" என்று மாதாமாதம் சொல்லிக் கொண்டுதானே இருக்கிறான்? பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டு, நீ மறுபடியும் வந்து சொல்லவில்லையே என்பது கம்பெனியாருக்கு அனுகூலமான நியாயமேயன்றி வேறல்ல.

இன்னொன்று. கூப்பிடுகிறவருக்குச் செலவில்லாத நம்பர்களை வியாபாரிகள் வைத்திருக்கிறார்களே, அவற்றைக் கூப்பிட்டால் *67 அழுத்தியும் பயனில்லை. கூலி கொடுக்கிறவர் வியாபாரியாதலால் நம்பர் அவருக்குப் போய்ச் சேர்ந்து விடுகிறது. மறைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? கட்டணம் கேட்கும் பில்லிலேயே இதைப் பெரிய எழுத்தில் அச்சிடக் கம்பெனியாருக்கு என்ன கஷ்டம்?