காருக்கும் எர்ரர் மெசேஜ் உண்டு. அதை நம்மிடம் ஏன் சொல்வதில்லை?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கார் ஒவ்வொன்றிலும் பல சிறிய கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில் இணைந்து ஓடுகின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் நமக்குக் கிடைப்பது ஒரு மஞ்சள் விளக்கு மட்டும். இது போதாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம், எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் காரைக்குடியில் இருக்கிறார்கள். இரண்டு மாதம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் ஊர் திரும்பினார்கள். அதுவரை கார் ஷெட்டிலேயே நின்றது. சில நாள் கழித்து அப்பா போன் செய்தார்.

"தம்பி, குன்றக்குடி போயிட்டு வரும்போது கார் வழுக்குற மாதிரி ஒரு படம் மஞ்சளா எரிஞ்சுச்சு. பக்கத்துல ஏபிஎஸ்ஸும் எரியுது. வண்டி என்னவோ நல்லாத்தான் ஓடுது. பேசாம விட்டுடவா?"

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டச் சொன்னேன். "புது வண்டி எல்லாத்துலயும் இப்படித்தான் சார்" என்று சொல்லி, விளக்கை அணைத்துத் தந்தார்கள். இரண்டு கிலோமீட்டரில் மீண்டும் எரிந்தது. இன்னொரு இடத்தில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம்.

அந்த விளக்கு எதைக் குறிக்கிறது?

காரின் படமும் அதன் கீழே இரண்டு வளைந்த கோடுகளும் உள்ள விளக்கு, இஎஸ்சி எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்கு உரியது. 1995ல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் இது அறிமுகமானது. 1997ல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையில், திடீரென வளைத்துத் திருப்பியபோது மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சிறிய காரிலும் இதை வழக்கமான வசதியாகவே பொருத்தினார்கள். நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இந்த வசதி அவசியம்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. நீங்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதையும், கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் வினாடிக்கு 25 முறை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கார் வழுக்குகிறது என்று பொருள். உடனே இன்ஜின் வேகத்தைக் குறைத்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்குகிறது. மழையில் நனைந்த சாலையில் ஆடு குறுக்கே ஓடும்போது இந்த உதவியின் மதிப்பு தெரியும்.

விளக்கு சிமிட்டினால் சிஸ்டம் அந்த நேரத்தில் வேலை செய்கிறது, வேகத்தைக் குறையுங்கள். படத்தோடு ஆஃப் என்ற எழுத்தும் இருந்தால், யாரோ பட்டனை அழுத்தி வசதியை நிறுத்தியிருக்கலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது. சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் வழுக்கும்போது உதவி கிடைக்காது. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

எலி செய்த வேலை

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றை எடுத்துச் சென்றேன். செல்போனில் பார்த்தால் "பழுது எதுவும் இல்லை" என்று வந்தது. விளக்கோ எரிந்துகொண்டிருந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மலிவான அடாப்டர்களும் இலவச ஆப்களும் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டுமே படிக்கும். அதன் பழுதுக் குறியீடுகள் பி என்ற எழுத்தில் தொடங்கும். பிரேக் தொடர்பானவை சி என்ற எழுத்தில் தொடங்கும். அவற்றைப் படிக்க அந்தக் கார் நிறுவனத்தின் முறையை அறிந்த மென்பொருள் வேண்டும்.

பணம் கட்டி அப்படி ஒரு ஆப் வாங்கினேன். பின்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று ஒரே வரியில் பதில் கிடைத்தது. காரைத் தூக்கிப் பார்த்தால், ஷெட்டில் நின்ற இரண்டு மாதத்தில் எலி அந்த ஒயரைக் கடித்திருந்தது! சென்சாரும் ஒயரும் சேர்ந்தே வரும். அதை மாற்றினோம். யூனிட்டுக்குக் கேட்ட தொகையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு.

செட்டிநாட்டில் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் கார்களும் உண்டு. இவற்றில் பேட்டரி இறங்கிப்போனாலும் இந்த விளக்கு எரியலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் எரிந்தால், பல கார்களில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். இதற்கெல்லாம் யூனிட் மாற்றத் தேவையில்லை.

நாம் என்ன கேட்க வேண்டும்?

விண்டோஸின் நீலத் திரையை நாம் எத்தனை முறை திட்டியிருப்போம்! அதுகூட ஒரு பிழை எண்ணைக் காட்டியது. அந்த எண்ணை இன்டர்நெட்டில் தேடிப் பலர் தாங்களே தீர்வு கண்டோம். பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் காரில் பெரிய டச் ஸ்கிரீன் இருக்கிறது. பாட்டின் பெயரைக் காட்டுகிறது. யார் போன் செய்கிறார்கள் என்று காட்டுகிறது. "பின் இடது சக்கர சென்சார் சிக்னல் இல்லை" என்ற ஒரு வரியை அதே திரையில் காட்ட முடியாதா? அந்தத் தகவல் காருக்குள் ஏற்கனவே பதிவாகி இருக்கிறது. அதைத் தமிழில் காட்டுவது ஒரு மென்பொருள் எழுதுபவனுக்குக் கடினமான வேலையும் அல்ல.

பிரேக் விஷயத்தில் பொதுமக்கள் கை வைத்தால் ஆபத்து என்று ஒரு வாதம் உண்டு. அது நியாயமான கவலைதான். ஆனால் படிப்பது வேறு, மாற்றுவது வேறு. ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்ப்பதால் ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடாது. பழுது பார்க்கும் வேலையை மெக்கானிக்கே செய்யட்டும். எது பழுது என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோதுதான் ஒருவர் "ஒன்றும் இல்லை" என்கிறார், இன்னொருவர் "எல்லாவற்றையும் மாற்று" என்கிறார். முதலாமவர் பேச்சைக் கேட்டிருந்தால், மழைக்காலம் முழுவதும் என் பெற்றோர் ஏபிஎஸ் இல்லாமல் போய் வந்திருப்பார்கள்.

அந்த நாள் வரும்வரை சில பழக்கங்கள் போதும். ஒர்க்ஷாப்பில் குறியீட்டை அழிக்கும் முன் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய கார் வாங்குவோர் சாவியை ஆன் செய்ததும் கவனியுங்கள். இந்த விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அந்த வசதி உள்ள காரில் விளக்கு எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க அதன் இணைப்பைத் துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு.

அப்பா இப்போது தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். ஷெட்டில் எலிப்பொறியும் வைத்திருக்கிறார்.